இடது பக்கத் தீ

அங்கேயே நில்லுங்க சார், அந்தப் பக்கம் இப்பப் போகாதீங்க. வலது பக்கத்தை முதல்ல பாத்து முடிச்சுடுங்க. ஐயோ, தடுக்கல சார். நீங்க பெயிண்ட் போட்டிக்கு நடுவர், பைக் மேல ஏறிப் படுத்தாக்கூடக் கேக்க ஆளில்ல. ஒரு வரிசையாப் பாத்தா நல்லா இருக்குமேன்னு சொன்னேன், அவ்வளவுதான்.

எங்க கடை மாஸ்டரா? மாடியில ஆபீஸ் ரூமுக்குப் போயிருக்காரு. விண்ணப்பத்துல ஒரு கையெழுத்து விட்டுப் போச்சாம், உடனே வாங்கன்னு இப்பத்தான் போன் வந்துச்சு. அந்த ஆபீஸ்காரர் குரல் இருக்கே, மூக்கடைச்ச மாதிரி, வந்து... கொஞ்சம்... மேல வந்துட்டுப் போங்க... சிரிக்கிறீங்க பாருங்க! அப்படியே இருக்கா? எல்லாரும் அதான் சொல்றாங்க. ஆபீஸ் ரூம் பூட்டியிருக்கு சார், சாப்பாட்டு நேரம். மாஸ்டர் கதவைத் தட்டி, வராந்தாவுல ரெண்டு நடை நடந்து, யாரையாவது திட்டி, இறங்கி வர்றதுக்குப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஆகும். நமக்கு அது போதும்.

நானா? கடையில தான் சார் இருக்கேன். தேய்ப்பேன், துடைப்பேன், டப்பா கழுவுவேன். மீதி நேரம் வாய். எங்க கடைக்கு வந்து போற அத்தனை பேரும் என் வாய்க்குள்ள குடியிருக்காங்க. கலர்க்கடைக்காரர் எதையும் ரெண்டு தடவை சொல்வாரு, நாளைக்கு நாளைக்கு வந்துடும் வந்துடும். இந்த வண்டிக்குச் சொந்தக்காரர் இருக்காரே, அவர் தொண்டைக்குள்ள ஒரு லாரி நிக்கும். தம்பீ, என் டேங்க்குல வரையறதுக்கு அடுப்புத் தீ வேணாம், காட்டுத் தீ வேணும்! மாஸ்டரு பொய் சொல்றதுக்கு முன்னாடி தொண்டையைச் செருமுவாரு. க்கும். ஒரு க்கும் வந்தா அடுத்து வர்றது பொய். ரெண்டு வந்தா பெரிய பொய்.

சரி, டார்ச்சை இப்படி அடிங்க. பெட்ரோல் டேங்க்கோட மூக்கில இருந்து வாங்க. தீ எந்த இடத்துல பிடிச்சதுன்னே தெரியுதா? தெரியாது. ஹேண்டில்பாருக்குக் கீழ எங்கயோ மூச்சு வாங்கிட்டு, அப்படியே பின்னாடி படுத்து ஓடுது. ஒவ்வொரு நாக்கும் தலைப்பக்கம் தடியா, போகப் போக மெலிஞ்சு, கடைசியில பூனை வால் மாதிரி ஒரு சுழிப்பு. ஏழு நாக்கு. ஒண்ணோட நுனி இன்னொண்ணோட நுனிக்கு நேரா நிக்காது, வேணும்னா அளந்து பாருங்க. இப்பத் தீயை விடுங்க, நடுவுல இருக்கற கறுப்பைப் பாருங்க. ரெண்டு நாக்கு பிரியற இடத்துல கறுப்பு எப்படி உக்காந்திருக்கு? குழாயில இருந்து விழப் போற சொட்டு மாதிரி இல்ல? அக்கா சொல்லும், தீயை எவன் வேணா வரைவான், தீ இல்லாத இடத்தை வரையத் தெரியணும்னு.

அக்கா யாரா? மாஸ்டரோட பொண்ணு. கடையில எல்லாருக்கும் அக்கா. இந்த வலது பக்கம் பூரா அக்காவோட கை.

ஆமா சார், வண்டியில மாட்டியிருக்கற அட்டையில வேற பேர் தான் இருக்கு. அது சின்ன மாஸ்டர். மாஸ்டரோட பையன். அவன் கதைக்குத் தான் வர்றேன், இருங்க.

அக்கா டேப் இழுக்கறதை நீங்க பாத்திருக்கணும். கலர் தாண்டாம ஓரம் கட்டற மூணு மில்லி நீல டேப். நீங்களும் அதைத் தான் பிடிப்பீங்க போல, கட்டைவிரல் ஓரமெல்லாம் தேஞ்சிருக்கே. மத்தவங்க டேப் ஒட்டும்போது விரலைப் பாப்பாங்க. அக்கா விரலையே பாக்காது. டேப் எங்க போய்ச் சேரணுமோ அங்கயே பாத்துக்கிட்டு இருக்கும், கை பின்னாடியே வந்துடும். மூச்சை நிறுத்தி ஒரே இழுப்பு. நடுவுல யாராவது தும்மினா போச்சு, பிச்சுப் போட்டுட்டு மறுபடி முதல்ல இருந்து. ஒரு நாள் வேணும்னே பின்னாடி நின்னு மாஸ்டர் மாதிரி க்கும்னேன். அக்கா திரும்பிக்கூடப் பாக்கல. டேப் உருளையை எடுத்துப் பின்பக்கமாவே விட்டுச்சு, நேரா என் மண்டை. ரெண்டு நாள் புடைப்பு. அந்தக் கைக்குக் குறி தப்பாது சார்.

இப்படி ஆறு வருஷம். பின் ரூம்ல அக்கா, முன் ரூம்ல மாஸ்டர். வர்றவங்க கிட்ட, க்கும், எல்லாம் நம்ம பையன் கை தாங்க, பால் குடிக்கிற வயசுலயே டேப் பிடிச்சவன். சின்ன மாஸ்டருக்குக் கோடு போட வராது சார். ஸ்கேல் வச்சுப் போட்டாலும் கோணும். நோட்டுல மார்ஜின் போடச் சொன்னா பாம்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். போன வருஷம் இதே போட்டியில ரெண்டாவது பரிசு, நீல டேங்க், ஞாபகம் இருக்கா? அதுவும் அக்கா தான். மேடையில போய் மாஸ்டர் வாங்கினாரு, பையனுக்குப் பரீட்சைன்னு சொல்லிட்டு. பரீட்சையாவது ஒண்ணாவது. அவன் கூட்டத்துக்கு நடுவுல தான் நின்னுக்கிட்டு இருந்தான். மைக்குல பேரைக் கூப்பிட்டதும் குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட ஆரம்பிச்சான். கைதட்டல் ஓயற வரைக்கும் கட்டினான்.

வெறும் கப்பு தான்னா அக்கா இந்த வருஷமும் வாயைத் திறந்திருக்காது. ஆனா முதல் பரிசு வாங்கற பேருக்கு உங்க கம்பெனியோட பெயிண்ட் ஸ்கூல்ல ஒரு வருஷம் சீட்டுன்னு நோட்டீஸ் போட்டீங்க பாருங்க, அது கெடுத்துச்சு. அக்கா அந்த நோட்டீசை நாலா மடிச்சு போன் கவருக்குள்ள வச்சுக்கிச்சு. போன் அடிச்சா எடுக்கறதுக்கு முன்னாடி அதைத் தடவிப் பாக்கும். போய் மாஸ்டர் கிட்டக் கேட்டுச்சு, இந்த ஒரு தடவை என் பேர்ல போடுங்கன்னு. போட்டுட்டாப் போச்சு, க்கும், நீ வேலையை முடின்னாரு. க்கும் எனக்குக் கேட்டுச்சு. அக்காவுக்குச் சந்தோஷத்துல கேக்கல.

ஒன்பது நாள் சார், இந்த ஒரு பக்கத்துக்கு. ஒட்டும், தள்ளி நின்னு பாக்கும், பிச்சுப் போடும். தரையெல்லாம் நீலச் சுருள். ஒன்பதாவது நாள் தான் திருப்தி வந்துச்சு. அப்புறம் மெல்லிசுப் பேப்பரை மேல விரிச்சு அப்படியே படி எடுத்துச்சு. தையக்காரங்க கிட்ட ஒரு பல்லுச் சக்கரம் இருக்குமே, அதைக் கோட்டு மேல ஓட்டி ஓட்டை போட்டுச்சு. பாருங்க, உங்களுக்கே பாடம் நடத்தறேன்! சரி, சொல்ல வந்ததைச் சொல்லிடறேன். பேப்பரைத் திருப்பி இடது பக்கம் வச்சு, சாக்பீஸ் தூள் கட்டின துணி மூட்டையால தட்டினா புள்ளி புள்ளியா விழும். புள்ளி மேல டேப் ஒட்டினா ரெண்டு பக்கமும் ஒரே தீ. ஆனா அக்கா புள்ளியை முழுசா நம்பாது. எந்த டேங்க்கும் ரெண்டு பக்கமும் ஒரே வளைவா இருக்காதாம். இங்க கொஞ்சம் ஏத்தி, அங்க கொஞ்சம் இறக்கி, புள்ளியை மீறித் தான் ஒட்டும்.

பேப்பர் ஆணியில தொங்குது. அன்னைக்குத் தான் உங்க ஆபீஸ்ல இருந்து விண்ணப்பத்தோட நகல் வந்துச்சு. அக்கா கையைத் துடைச்சுக்கிட்டுப் பிரிச்சுப் பாத்துச்சு. பேர் இருக்க வேண்டிய இடத்துல சின்ன மாஸ்டர்.

கத்தும்னு நினைச்சேன். கத்தல. இதென்னப்பான்னு மட்டும் கேட்டுச்சு. மாஸ்டருக்கு ரெண்டு க்கும். நீ நாளைக்கு இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவ, உன் பேரை நான் எந்தச் சுவத்துல மாட்டி வைக்கறது? அவன் பேருன்னா கடையோட நிக்கும். அவன் போய் ஒரு வருஷம் கத்துக்கிட்டு வரட்டும், நீ இங்க வேலையைப் பாரு. அக்கா சொல்லுச்சு, அப்ப இடது பக்கத்தையும் அவனையே ஒட்டச் சொல்லுங்க. அதுக்கு மாஸ்டர் ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. எனக்கு அந்தச் சிரிப்பு அப்படியே வரும் சார். பண்ண மாட்டேன். சிரிச்சுட்டு, பேப்பர் தான் இருக்கே, இனி நீ எதுக்குன்னாரு.

பேப்பர் இருக்கே, நீ எதுக்கு. எனக்கு இன்னும் காதுலயே நிக்குது.

அதோட விட்டாரா? அலமாரி மேல அக்காவோட டேங்க் ஒண்ணு இருந்துச்சு. பழைய இரும்புக்கடையில பொறுக்கினது. யாருக்கும் விக்கறதுக்கு இல்லாம, தனக்குன்னு போட்ட முதல் தீ. ஓரத்துல குட்டியாத் தன் பேர். நாலு வருஷமா அது மேல கை படாம வச்சிருந்துச்சு. அதை இறக்கினாரு. எண்பதாம் நம்பர் உப்புத்தாள் எடுத்தாரு. ஆமா சார், துரு சுரண்டற பேப்பர் தான். தண்ணி தொடாம வறட்டுத் தேய்ப்பு. சர்ரு, சர்ரு, சர்ரு. இந்தச் சத்தம் கூட எனக்கு வருது பாருங்க. அக்கா அசையாம நின்னுச்சு. ஆரஞ்சும் மஞ்சளுமாத் தூள் கொட்டிக்கிட்டே இருந்துச்சு, கடைசியில வெறும் இரும்பு. அப்புறம் அக்கா கடைச் சாவியை மேசை மேல வச்சுட்டு வீட்டுக்குப் போயிடுச்சு. தூளைக் கூட்டி அள்ளினது நான் தான். அள்ளும்போதே முடிவு பண்ணிட்டேன், இந்த ஆளை விடக் கூடாது.

என்ன பண்ணேனா? சிரிக்காமக் கேளுங்க.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு மாஸ்டர் பெஞ்சுல சாஞ்சாரு. அவர் குறட்டையில மூணு கியர் இருக்கு. மூணாவது கியருக்கு மாறினதும் நான் ஆணியில இருந்த பேப்பரைக் கழட்டினேன். ஜன்னல் கண்ணாடியில வச்சு, மேல புதுப் பேப்பர் ஒட்டி, பென்சிலால படி எடுத்தேன். அங்கங்க மட்டும் கைவரிசை. மூணாவது நாக்கு வளையற இடத்துல ஒரு விரக்கடை புடைக்க விட்டேன். சொட்டு மாதிரி இருந்த ரெண்டு கறுப்பைக் கட்டம் ஆக்கினேன். கடைசி மூணு நுனியையும் ஒரே நேர்கோட்டுல நிறுத்தினேன். அழகா வரையறதுக்குத் தான் சார் என் கைக்கு ஆகாது. கெடுக்கறதுக்கு இதை மாதிரி இன்னொரு கை கிடைக்காது. அப்புறம் பல்லுச் சக்கரம், ஓட்டை, அதே ஆணி. அக்காவோட பேப்பரைச் சுருட்டிச் சட்டைக்குள்ள விட்டுக்கிட்டேன்.

ஒரே ஒரு பயம் தான். டேப் பிடிக்கத் தெரிஞ்ச யாரா இருந்தாலும் மூணாவது நாக்குலயே நிறுத்திடுவாங்க. என்னடா இது புள்ளி இப்படி இடிக்குதுன்னு அழிச்சுட்டுத் தன் கண்ணுக்குப் போட்டுக்குவாங்க. மாஸ்டர் மட்டும் அப்படிப் பண்ணியிருந்தா நான் தோத்துப் போயிருப்பேன் சார். சத்தியமா, கால்ல விழுந்திருப்பேன். இந்த ஆளுக்கும் கண்ணு இருக்குன்னு ஒத்துக்கிட்டிருப்பேன்.

நாக்கை ஓரமாத் துருத்திக்கிட்டு ஒட்டினாரு. ஒரு புள்ளி விடல. புடைப்புல புடைச்சாரு, கட்டத்துல கட்டம் போட்டாரு. பள்ளிக்கூடத்துல புள்ளி சேத்துப் படம் போடுவாங்களே, அந்த மாதிரி. ஒரே ஒரு தடவை எழுந்து தள்ளி நின்னு தலையைச் சாய்ச்சாரு. கண்டுபிடிச்சுட்டாரோ? பின் ரூமுக்கு ஓடிப் போய் என் போன்ல இருந்து கடை போனுக்கு அடிச்சேன். லாரி குரல்ல. மாஸ்டரே, இன்னும் டேப்புலயே நிக்கறீங்களாமே, வெள்ளிக்கிழமை வண்டி வரலன்னா எனக்கு வேற கடை தெரியும்! அவ்வளவுதான், ஆளு திரும்பத் தலை நிமிரல. இந்தாப் பாருங்க, இங்க வேர்வை, அங்க வேர்வை, ஐயா முடிச்சுட்டேங்க, முடிச்சுட்டேங்கன்னு. கலர் அடிச்சு, மேல வார்னிஷ் அடிச்சு, பாலிஷ் போட்டு, இன்னைக்குக் காலையில தானே தள்ளிக்கிட்டு வந்து நிறுத்தினாரு. நெஞ்சை நிமித்திக்கிட்டு.

இப்ப வாங்க சார். இப்ப இடது பக்கம் வாங்க.

என்ன சார், டார்ச்சை அவ்வளவு கிட்டக் கொண்டு போறீங்க?

ஆமா, அது தான் மூணாவது நாக்கு. முழங்கையை மடிச்சு எவனையோ இடிக்கற மாதிரி. இது ஜன்னல், இது இன்னொரு ஜன்னல், கர்ட்டன் போட்டா குடி போயிடலாம். நுனியைப் பாருங்க, சீப்பு. தலை வாரிக்கலாம். பத்தடி தள்ளி நின்னாத் தெரியாதா? தெரியாது தான். காலையில இருந்து நூறு பேர் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாங்க, ஒருத்தருக்கும் தெரியல. உங்களுக்கு ஒரு நொடியில தெரிஞ்சுச்சு. அவருக்கு நாலு நாள் மூக்கு முட்டற தூரத்துல இருந்தும் தெரியலயே, அதைத் தான் சார் சொல்றேன்.

அவசரத்துல தப்பியிருக்கலாமா? இந்தாங்க, பிடிங்க. கசங்கியிருக்கு, வேர்வை வேற, மன்னிச்சுக்கங்க. அக்காவோட பேப்பர். வலது பக்கத்துல வச்சுப் பாருங்க. மெதுவா. ஓட்டைக்கு ஓட்டை உக்காருதா? இப்பத் திருப்பி இந்தப் பக்கம் வைங்க. உக்காராது. அவர் தட்டின பேப்பர் இப்பவும் கடையில அதே ஆணியில தான் தொங்குது, யாரை வேணா அனுப்பி எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

வண்டிக்காரர் பாவம் தான். அது எனக்கும் உறுத்துது. அவர் கிட்டத் தனியாப் போய் மன்னிப்புக் கேட்டுக்கறேன், சொந்தக் குரல்லயே. இடது பக்கத்தைச் சுரண்டிட்டு அக்கா மறுபடி போட்டுக் குடுத்துடும், இதை விட நல்லா.

ஐயய்யோ, பேரை அடிச்சுடாதீங்க சார்! பேனாவை மூடுங்க. வண்டியையே போட்டியில இருந்து எடுத்துட்டீங்கன்னா வலது பக்கமும் சேந்து போயிடும். அவருக்கு அது வசதி. நடுவருக்கு நம்ம மேல பொறாமைன்னு ஒரு க்கும் போட்டுட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிடுவாரு, அக்கா மறுபடி பின் ரூம். உங்க விதி நோட்டீசைப் பூரா படிச்சிருக்கேன், பதினொண்ணாவது விதி. சந்தேகம் வந்தா, பேர் குடுத்தவரை மேடைக்குக் கூப்பிட்டு, வெறும் டேங்க்குல ஒரு நாக்கு போட்டுக் காட்டச் சொல்லலாம். இருக்கா இல்லையா? இருக்குல்ல. அதைப் பண்ணுங்க. வேற ஒண்ணும் கேக்கல.

பையன் வர மாட்டானா? வருவான் சார். இந்தத் தடவை வருவான்.

டார்ச்சை அணைச்சுடுங்க, அதோ படியில பாருங்க, அப்பா இறங்கறாரு. கையெழுத்துப் போடப் போன ஆளு, முகம் எப்படி இருக்கு பாருங்க.

ஆமா சார். எங்கப்பா. அட்டையில இருக்கறது என் பேர் தான்.

அப்படிப் பாக்காதீங்க. நான் பொய் சொல்லல, கடையில இருக்கேன்னேன், இருக்கேன். ஒண்ணு மட்டும் சொல்லாம விட்டுட்டேன். அன்னைக்கு அந்த டேங்க்கைத் தேய்க்கும்போது அது உருண்டுக்கிட்டே இருந்துச்சு. அடி உருண்டையா இருக்கும், நிக்காது. டேய், ஆடாமப் பிடிடான்னாரு. பிடிச்சேன். ரெண்டு கையாலயும். முடியற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். அக்கா அப்பாவைப் பாக்கவே இல்ல சார், என் கையைத் தான் பாத்துக்கிட்டு நின்னுச்சு. அன்னையில இருந்து எங்கிட்டப் பேசறதில்ல.

அக்காவுக்கு போன் போட்டு, நாலு மணிக்கு வரச் சொல்லி அப்பா குரல்ல சொல்லியிருக்கேன். வந்துடும், கூட்டத்துல எங்கயாவது ஓரமா நிக்கும். அப்பாவை முதல் வரிசையில உக்கார வைங்க. அப்புறம் மைக்குல பேரைக் கூப்பிடுங்க, டேப்பை என் கையில குடுங்க. எப்படி வரும்னு எனக்குத் தெரியும், நோட்டுல போட்ட மார்ஜின் மாதிரி தான். லைட்டுக்காரர் கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், எங்கயும் திருப்பாம என் கை மேலயே வைக்கச் சொல்லி.